இலைக்கு எதற்கு மைட்டோகாண்ட்ரியா? தம்பி கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை

மழைத்தும்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி பத்தாம் வகுப்பு படிக்கிறான். உயிரியலை நான்தான் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். நான் கல்லூரியில் எடுத்தது கணிதம், அதனால் பள்ளிக்கூடத்தோடு உயிரியலை விட்டுவிட்டேன்.

போன வாரம் வகுப்புத் தேர்வில் "தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன" என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண் கிடைத்தது. நேற்று தாவர செல் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, பசுங்கணிகம் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது. சரி. அப்போ இதே செல்லில் மைட்டோகாண்ட்ரியா எதற்கு? இரவு வேலைக்கா? பகலெல்லாம் சும்மா இருக்குமா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "வேருக்கு எப்போதும் இருட்டுதானே. வேர் என்ன செய்யும்?"

புத்தகத்தைப் புரட்டினேன். செல் ஒரு பாடத்தில், ஒளிச்சேர்க்கை வேறொரு பாடத்தில், சுவாசம் மனித உடல் பாடத்தில் என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. மூன்றும் எங்கே சேர்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனிடமே காட்டப்போகிறேன்.


பழைய கரும்பலகை எழுதியது:

அம்மா, முப்பது வருடங்களுக்கு மேல் உயிரியல் நடத்தினேன். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பதில் இதுதான். தாவரம் பகலிலும் சுவாசிக்கிறது, இரவிலும் சுவாசிக்கிறது. ஒரு நொடிகூட நிறுத்துவதில்லை. உயிருள்ள செல் ஒவ்வொன்றுக்கும் செலவு இருக்கிறது: சவ்வு வழியாக உப்புகளை இழுக்க வேண்டும், புரதம் கட்ட வேண்டும், பிரிந்து பெருக வேண்டும். இந்தச் செலவுக்கான ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றித் தருவதில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவுடையது. பசுங்கணிகமும் வெளிச்சத்தில் ஏடிபி உண்டாக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி அங்கேயே, சர்க்கரையைக் கட்டுவதிலேயே செலவாகிவிடும். அந்தச் சர்க்கரையைப் படிப்படியாக உடைத்து ஆற்றலை எடுப்பது செல் சுவாசம். அதன் முதல் படி சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. மிச்சம் மைட்டோகாண்ட்ரியாவில்.

குழப்பம் வெளியிலிருந்து பார்ப்பதால் வருகிறது. நல்ல வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் வேகம் சுவாசத்தைப் போலப் பல மடங்கு. சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு இலைக்குள்ளேயே பசுங்கணிகத்துக்குப் போய்விடுகிறது. வெளியே நின்று அளப்பவருக்கு ஆக்சிஜன் வெளிவருவது மட்டும் தெரியும். இருட்டியதும் ஒளிச்சேர்க்கை நிற்கிறது, சுவாசம் தனியாகக் கண்ணுக்குப் படுகிறது. அதைப் பார்த்துத்தான் "இரவில் சுவாசிக்கின்றன" என்று எழுதிவிடுகிறோம். இரவில் சுவாசம் தொடங்குவதில்லை. அதுவரை மறைந்திருந்தது தெரிய வருகிறது, அவ்வளவுதான்.

வேரைப் பற்றித் தம்பி கேட்டானே, அங்கே பசுங்கணிகம் கிடையாது. இலையிலிருந்து ஃபுளோயம் என்ற உணவு கடத்தும் குழாய்த் திசு வழியாக இறங்கிவரும் சர்க்கரையை வாங்கி, மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து வேர் சுவாசிக்கிறது.


ஈரமண் எழுதியது:

வேர் என்றதும் கை துறுதுறுக்கிறது. வேளாண்மை படித்தவன் நான்.

தொட்டிச் செடி வாடினால் எல்லோரும் முதலில் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் ஏற்கனவே சொதசொதவென்று இருந்தாலும் ஊற்றுவார்கள். செடி இன்னும் வாடும். காரணம் ஐயா சொன்னதேதான். மண்ணின் காற்றிடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகத்தான் பரவும். வேர் செல்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. மைட்டோகாண்ட்ரியா ஓடாது, ஏடிபி குறையும், உப்புகளை உள்ளிழுக்க முடியாது, தண்ணீரை எடுக்கும் வேலையும் படுத்துவிடும். தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது.

அந்தச் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். மூச்சுத் திணறிய வேர் பழுப்பாகி, தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் நிற்கும். அழுகல் வாடை அடிக்கும். சதுப்பு நிலத்தில் வளரும் அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே வேரை நீட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். அவற்றுக்குச் சுவாச வேர்கள் என்றே பெயர்.


இரு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பெற்றோராக ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்குத் தேர்வு இருக்கிறது. அவன் எழுதியதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். இப்போது போய் இதையெல்லாம் சொன்னால் குழம்ப மாட்டானா? என் பெரிய பெண் இப்படித்தான் எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டிருந்து மூன்று பாடங்களைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாமல் போனாள். முதலில் புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும். புரிதல் மேல்படிப்பில் தானாக வரும்.


பழைய கரும்பலகை எழுதியது:

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நேரம் கைமீறிப் போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மேல்படிப்பில் தானாக வரும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. சின்ன வயதில் பதிந்த தவறு லேசில் போகாது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்த இளம் ஆசிரியர்களே "இலை இரவில்தான் சுவாசிக்கும்" என்று வகுப்பில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இந்தத் தவறு ஒன்றோடு நிற்காது. இரவில் மட்டும் சுவாசம் என்று நம்பும் பிள்ளைக்கு முளைக்கும் விதை புரியாது, வேர் புரியாது, மூச்சு விடுவதும் செல் சுவாசமும் வேறு வேறு என்பதும் புரியாது. ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். நேரம் அங்கேதான் போகிறது.

தேர்வில் எழுத இரண்டு வாக்கியம் போதும்: "தாவரங்கள் பகல், இரவு இரண்டிலும் சுவாசிக்கின்றன. ஒளி உள்ளபோது ஒளிச்சேர்க்கை சுவாசத்தைவிட வேகமாக நடப்பதால் ஆக்சிஜன் நிகரமாக வெளியேறுகிறது." இதற்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்.


ஆய்வகச் சாவி எழுதியது:

நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம். எங்களிடம் பிள்ளைகள் வாயடைத்து நிற்கும் சோதனை இது.

ஹைட்ரஜன் கார்பனேட் நிறங்காட்டி என்று ஒரு கரைசல். சாதாரணக் காற்றோடு சமநிலையில் இருக்கும்போது ஆரஞ்சு கலந்த சிவப்பு. கார்பன் டை ஆக்சைடு கூடினால் மஞ்சள், குறைந்தால் ஊதா. நான்கு சோதனைக் குழாய்களில் ஒரே அளவு கரைசல் ஊற்றுவோம். மூன்றில் அப்போது பறித்த இலையைக் கரைசலில் படாமல் தொங்கவிட்டு ரப்பர் அடைப்பானால் இறுக மூடுவோம். ஒன்றை அப்படியே வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒன்றைக் கறுப்புத் தாளால் முழுக்கச் சுற்ற வேண்டும். மூன்றாவதை மெல்லிய வலைத்துணியால் சுற்றினால் பாதி வெளிச்சம் கிடைக்கும். நான்காவதில் இலையே இல்லை.

சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெளிச்சக் குழாய் ஊதா. இருட்டுக் குழாய் மஞ்சள். இலையில்லாத குழாய் அதே சிவப்பு.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: குழாய்களை முதலில் அந்தக் கரைசலாலேயே அலச வேண்டும். பிள்ளைகள் ஆர்வத்தில் குழாய்மேல் குனிந்து மூச்சு விட்டால் மூடுவதற்கு முன்பே கரைசல் மஞ்சளாகத் திரும்ப ஆரம்பித்துவிடும். நாம் வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காடு, உள்ளிழுக்கும் காற்றிலோ வெறும் 0.04. விளக்கை வைத்துச் செய்தால், விளக்குக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வையுங்கள். சூடு இலைக்குப் போகாது.

வலைத்துணிக் குழாய் என்ன நிறம் என்று இங்கே எழுதவில்லை. தம்பி முதலில் யோசித்துச் சொல்லட்டும்.


பழைய கரும்பலகை எழுதியது:

சாவி சொன்ன சோதனையின் கதை பழையது. 1771-ல் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் புதினாத் தண்டு ஒன்றை வைத்தார். சில நாட்கள் கழித்து அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி ஆகவில்லை. ஏன் என்று கண்டவர் இங்கன்ஹவுஸ். 1779-ல் அவர் எழுதினார்: ஒளி வேண்டும், பச்சைப் பாகம் வேண்டும். இருட்டில் அதே செடி காற்றைக் கெடுக்கிறது என்பதையும் அவர் அப்போதே கவனித்துவிட்டார். மைட்டோகாண்ட்ரியா என்ற பெயர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு!

இன்னொரு தவறையும் இங்கேயே களைந்துவிடலாம். ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரே சமன்பாட்டின் முன்னும் பின்னும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். கணக்குக்கு அது சரி. ஆனால் இலை வெளிவிடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது. 1941-ல் ரூபனும் காமெனும் குழுவினரும் நிறையெண் 18 கொண்ட கனமான ஆக்சிஜனைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். இரண்டும் செல்லுக்குள் வேறு வேறு நுண்ணுறுப்புகளில், வேறு வேறு படிகளில் நடப்பவை. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வராது.


சிவப்பணு எழுதியது:

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மேலே "மூச்சு விடுவதும் செல் சுவாசமும் வேறு வேறு" என்று ஒரு வரி வந்ததே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். மனித உடல் பாடம் முழுக்க அந்த ஒரு வரியிலிருந்து விரிகிறது.

இலை மெல்லியது. உள்ளே செல்களுக்கு நடுவே காற்றிடைவெளி உண்டு. இலைத்துளை வழியாக வந்த ஆக்சிஜன் சும்மா பரவியே ஒவ்வொரு செல்லையும் எட்டிவிடும். நம் கால் விரலில் இருக்கும் செல்லுக்கு அது நடக்காது. பரவல் என்பது மிகக் குறைந்த தூரத்துக்குத்தான் உதவும். அதனால்தான் நுரையீரல், இதயம், இரத்தக் குழாய் எல்லாம். நம் உடலின் பெரும்பாலான செல்களுக்கு ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஏதாவது ஒரு தந்துகி, அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாய், இருக்கும். ஹார்வி 1628-ல் இரத்தம் சுற்றிவருகிறது என்று நிறுவியபோது தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று அவரால் பார்க்க முடியவில்லை. 1661-ல் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்நோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டார்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயம். தினமும் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தேய்த்துச் சாயமேற்றிப் பார்க்கிறேன். சிவப்பணு ஒவ்வொன்றும் ஓரம் அடர்ந்து நடுவே வெளிறி, இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிவிட்ட மாதிரி இருக்கும். குறுக்கே 7 முதல் 8 மைக்ரோமீட்டர். உள்ளே உட்கரு கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது! உடல் முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து திரியும் செல், தான் சுமப்பதில் ஒரு துளியும் எடுத்துக்கொள்வதில்லை. சர்க்கரையை உடைப்பதில் ஐயா சொன்ன, ஆக்சிஜன் தேவைப்படாத அந்த முதல் படியை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் 120 நாட்கள் ஓடிவிடும். தம்பி மைட்டோகாண்ட்ரியா "ஏன் இருக்கிறது" என்று கேட்டான். அடுத்து "எங்கே இல்லை" என்றும் கேட்கட்டும்.

படத்தில் நீல நிறம் பூசுகிறார்களே, அதையும் சொல்லிவிடுங்கள். சிரை இரத்தம் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. குழாயில் எடுத்த இரத்தம் மேலே காற்று பட்ட இடத்தில் பளிச்சென்ற சிவப்பாக மாறுவதை நான் தினமும் பார்க்கிறேன். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது ஆகும் மாற்றம் அது.


மழைத்தும்பி எழுதியது:

சிவப்பணு அக்கா, அந்தப் பத்தியை அவன் மூன்று முறை படித்தான். பிறகு கேட்டது: "அப்போ தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம் என்பது?"


சிவப்பணு எழுதியது:

அதுவும் மனதில் ஒட்டிக்கொண்ட தவறுதான். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. திசையை வைத்துத்தான் பெயர். நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் போகிறது, நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் வருகிறது. "கெட்ட இரத்தம்" என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். அதில் எதுவும் கெடவில்லை.


நுண்ணுலகம் எழுதியது:

நுண்ணுயிரியல் முதுகலை மாணவி நான். இந்த இழையில் நுண்ணுயிர்கள் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையில் தம்பியின் கேள்விக்குள்ளேயே அவை இருக்கின்றன.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரட்டைச் சவ்வு. தனக்கென்று வளைய வடிவ டிஎன்ஏ உண்டு, நம்முடையதில் 37 மரபணுக்கள். புரதம் கட்டும் பாகமான அதன் ரைபோசோம், செல்லின் மற்ற ரைபோசோம்களைவிட பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்தது. புதிதாக உருவாவதும் ஏற்கனவே இருப்பது இரண்டாகப் பிரிந்துதான். 1967-ல் லின் மார்குலிஸ் வெளியிட்ட கட்டுரை இதுபோன்ற சான்றுகளை வைத்து, மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்றது. பெரிய செல் ஒன்றின் உள்ளே போய்த் தங்கிவிட்டவை. இன்று இது ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. பசுங்கணிகத்தின் மூதாதை நீலப்பச்சைப் பாக்டீரியா.

இப்போது தாவர செல்லைப் பாருங்கள். மைட்டோகாண்ட்ரியா முதலில் வந்தது, பசுங்கணிகம் பிறகு வந்தது. விலங்கு, பூஞ்சை, தாவரம் எல்லாவற்றின் மூதாதைக்கும் மைட்டோகாண்ட்ரியா இருந்தது. தாவரங்களின் வழியில்தான் பசுங்கணிகம் கூடுதலாகச் சேர்ந்தது. அதனால் "இலைக்கு எதற்கு மைட்டோகாண்ட்ரியா" என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டால், மைட்டோகாண்ட்ரியா இருந்த செல்லுக்குப் பசுங்கணிகம் எப்படிக் கிடைத்தது என்று ஆகும். எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்ததே இதைப் படித்த அன்றுதான்.

ஆன்டிபயாடிக் பாடமும் இங்கேதான் சேர்கிறது. பென்சிலின் பாக்டீரியாவின் செல் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. நம் செல்லுக்குச் சுவரே இல்லை, அதனால் நம் செல்லைத் தொடுவதில்லை. வைரஸுக்குச் செல் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. ஆன்டிபயாடிக் போய்த் தாக்குவதற்கு அங்கே இடமே கிடையாது. சாதாரணச் சளிக்கு வைரஸ்தான் காரணம், ஆன்டிபயாடிக் உதவாது என்பதைச் செல் படம் தெரிந்த பிள்ளை தானே சொல்லிவிடுவான்.


ஆய்வகச் சாவி எழுதியது:

நுண்ணுயிர் என்றதும் நினைவுக்கு வந்தது. முளைக்கும் விதைகளை வெப்பக் குடுவையில் போட்டு, வெப்பமானி செருகி, பஞ்சால் அடைத்து வைப்போம். சுவாசத்தில் வெளிவரும் வெப்பத்தால் சூடு ஏறும். ஒப்பிடுவதற்கு இன்னொரு குடுவையில் வேகவைத்த விதை. அது உயிரற்றது, சூடு ஏறக்கூடாது. ஒரு வருடம் மூன்றாவது நாளில் அதிலும் ஏறத் தொடங்கியது. பிள்ளைகள் "செத்த விதை சுவாசிக்குது சார்" என்று ஓடிவந்தார்கள். திறந்தால் விதைகள் பிசுபிசுத்து வாடை வீசியது. சுவாசித்தது விதை இல்லை, அதன்மேல் வளர்ந்த பாக்டீரியாவும் பூஞ்சையும். அதிலிருந்து இரண்டு குடுவை விதைகளையும் முதலில் கிருமிநாசினியில் அலசிவிட்டுத்தான் போடுகிறோம். அந்தத் தவறில் பிள்ளைகள் கற்றது அதிகம் என்று இப்போதும் நினைக்கிறேன்.


இரு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

முழுவதும் படித்தேன். நேற்று இரவு சின்னவனிடம் "செடி எப்போது சுவாசிக்கும்" என்று கேட்டுப் பார்த்தேன். "இரவில்" என்றான் யோசிக்காமல். வேரைப் பற்றிக் கேட்டதும் நின்றுவிட்டான். பிறகு அவனாகவே "எப்போதும்தான் இருக்க வேண்டும்" என்றான். இரண்டே நிமிடம் ஆனது. நேரம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எந்தக் கேள்வியைத் தோண்டுவது, எதை விடுவது என்று பிள்ளைக்குச் சொல்ல ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அது எல்லா வீட்டிலும் வாய்க்காது என்பதையும் நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.


பழைய கரும்பலகை எழுதியது:

உண்மைதான் ஐயா. அது ஆசிரியரின் வேலை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நானும் பல நாள் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.


மழைத்தும்பி எழுதியது:

இனி தம்பியே எழுதுகிறான்.

எல்லோருக்கும் நன்றி. சாவி சார், உங்கள் சோதனையை எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மிஸ்ஸிடம் கேட்டுச் செய்தோம். வெளிச்சக் குழாய் ஊதா ஆனது. கறுப்புத் தாள் குழாய் மஞ்சள். வலைத்துணிக் குழாய் மங்கலான ஊதாவாக இருக்கும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அது சிவப்பாகவே இருந்தது, இலை இல்லாத குழாய் மாதிரியே. என் நண்பன் அந்த இலை செத்துவிட்டது என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி வெளிச்சத்தில் இரண்டு வேலையும் ஒரே வேகத்தில் நடந்திருக்கும், வெளியே விட்டதும் உள்ளே எடுத்ததும் சமமாகியிருக்கும். சரியா?


ஆய்வகச் சாவி எழுதியது:

மிகச் சரி, தம்பி. அந்த வெளிச்ச அளவுக்கு ஈடுசெய் புள்ளி என்று பெயர். துணியின் அடர்த்தி கொஞ்சம் மாறினால் லேசான ஊதாவோ லேசான மஞ்சளோ வரும், உங்களுக்குச் சரியாக அமைந்திருக்கிறது. நண்பன் கேட்டதும் நல்ல கேள்விதான். இரண்டு சிவப்புக் குழாய்களையும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உங்கள் பதில் சரி என்று அவனுக்கு எப்படிக் காட்டுவீர்கள்?


மழைத்தும்பி எழுதியது:

(தம்பி) இரண்டு சிவப்புக் குழாய்களையும் கறுப்புத் தாளில் சுற்றி வைப்பேன். இலை உயிரோடு இருந்தால் அது மட்டும் மஞ்சளாகும். ஆனால் செத்த இலையில் பாக்டீரியா வளர்ந்தாலும் மஞ்சள் ஆகுமே, விதைக் குடுவை மாதிரி. அதனால் பிறகு அதே குழாயை நல்ல வெளிச்சத்தில் வைப்பேன். மஞ்சளிலிருந்து திரும்பி ஊதாவுக்குப் போனால் இலைதான்.


ஆய்வகச் சாவி எழுதியது:

அப்படியே செய்யுங்கள். மாற்றி வைக்கும்போது அடைப்பானைத் திறந்துவிடாதீர்கள், நண்பனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். என்ன நிறம் வந்தது என்று நாளை எழுதுங்கள்.